நெற்றிச் சுருக்கம் தாங்கி நின்ற இமைகள்: களைத்த முகம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 46 வயதுப் பெண். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மூன்று ஏக்கர் நஞ்சையை இவரே முன்னின்று கவனிக்கிறார். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை, அது வீடு வந்து சேர்ந்ததும் சம்பா என்று ஆண்டில் பாதி நாள் வரப்பிலேயே கழியும். மூத்த மகனுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

நிச்சயதார்த்தப் படங்களில் தன் முகம் தனக்கே பிடிக்காமல் போனதுதான் தொடக்கம். அதற்கு முன்பே இரண்டு ஆண்டாக, "என்னக்கா, ராத்திரி தூங்கலையா? மொகம் வாடிக் கெடக்கே" என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் அதே கேள்வி. நாத்தனார் மகள் சொன்னதன் பேரில், ஆடிக் கடைசியில் ஒரு நகரத்து அழகு சிகிச்சை நிலையத்தில் நெற்றிக் கோடுகளுக்கு போட்யூலினம் டாக்ஸின் ஊசி போட்டுக்கொண்டார். பேச்சு வழக்கில் போடாக்ஸ் என்பது இதைத்தான். பத்து நாளில் கோடுகள் மறைந்தன. நெற்றி வழவழப்பானது. ஆனால் முகம் முன்னைவிடக் களைப்பாகத் தெரிந்தது. "கண்ணு மேல யாரோ கைய வெச்சு அழுத்துற மாதிரி இருக்கு" என்றார். மாலையில் தொலைக்காட்சி பார்க்க முகவாயைத் தூக்க வேண்டியிருந்தது. பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது.

ஆவணி மூன்றாம் வாரம் தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் வந்தார். கேட்டவை இரண்டு: கண்ணடிக் கருமைக்கு ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஜெல் ஊசி), நிறத்துக்குக் குளூட்டாதயோன் ஊசி. முன்பு போட்ட ஊசியின் பெயர், எத்தனை யூனிட், எந்தெந்தப் புள்ளியில் என்பதற்கு எந்தச் சீட்டும் அவரிடம் இல்லை. கேட்டு வாங்க முயன்றும் கிடைக்கவில்லை.

முதல் நாள் கண்டவை

கட்டிலில் படுக்க வைத்தோ, கூரை விளக்கின் கீழோ இந்த முகத்தைப் பார்த்திருந்தால் பாதி விஷயம் தப்பியிருக்கும். நேராக உட்காரவைத்து, கண்ணை மூடி, நெற்றியைத் தளர்த்தச் சொல்லி, பிறகு மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். அப்போது எடுத்த படம்தான் அடுத்த எட்டு மாதத்துக்கும் ஒப்பிட உதவியது.

மேலிமை. கண்மணியில் டார்ச் ஒளி விழும் புள்ளியிலிருந்து மேலிமை விளிம்பு வரை உள்ள தூரம் 4 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். இவருக்கு வலப்பக்கம் 2.5, இடப்பக்கம் 2. அதன் மேல் புருவத்தின் கீழ்த் தோல் மடிந்து இமைமயிரின் மேல் படுத்திருந்தது. கண்மணி நடுவிலிருந்து புருவத்தின் கீழ் விளிம்பு 13 மி.மீ. உயரத்தில்தான் நின்றது. புருவத்தை விரலால் ஏந்திப் பிடித்தவுடன், "இப்ப நல்லாத் தெரியுது" என்று அவரே சொன்னார். இமை விளிம்பு மட்டும் அதிகம் உயரவில்லை.

இந்த இரண்டும் சேர்ந்து சொல்லும் செய்தி ஒன்று உண்டு. மேலிமையைத் தூக்கும் தசையின் நாண் வயதாலும், கண்ணைக் கசக்கும் பழக்கத்தாலும் தளர்ந்து நழுவும். இமை தாழும்போது, பார்வையை மறைக்காதிருக்க நெற்றித் தசை தானாகவே புருவத்தை மேலே இழுத்துப் பிடிக்கும். நாள் முழுக்க அப்படி இழுப்பதால் விழுவதுதான் நெற்றியின் குறுக்குக் கோடு. இவரது நெற்றிக் கோடுகள் வெறும் வயதுக் கோடுகளல்ல. இமைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவை. டாக்ஸின் அந்தத் தசையைத் தளர்த்தியதும் முட்டு போயிற்று, பந்தல் இறங்கியது.

இதை உறுதி செய்ய உதவியவை பழைய படங்கள். 23 ஆண்டுக்கு முந்தைய கல்யாண ஆல்பத்தில் இமைகள் நன்கு திறந்திருந்தன, நெற்றி சமமாக இருந்தது. ஆறு ஆண்டுக்கு முந்தைய கிரகப்பிரவேசப் படத்தில் இடப் புருவம் வலதைவிடச் சற்றே தூக்கி நின்றது. இட இமைதான் அதிகம் தாழ்ந்தது என்பதோடு அது பொருந்தியது. ஊசிக்கு முன் இந்த ஆல்பத்தை ஒரு முறை புரட்டியிருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

தாழ்ந்த இமை என்றால் தசைச்சோர்வு நோயான மயஸ்தீனியாவை விலக்காமல் மேலே போகக் கூடாது. அந்நோய் உள்ளவருக்கு போட்யூலினம் டாக்ஸின் மூச்சு, விழுங்கல் தசைகளையும் பலவீனப்படுத்தக்கூடியது. எனவே ஒரு நிமிடம் இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்லி இமை படிப்படியாக இறங்குகிறதா என்று பார்த்தார்கள், இறங்கவில்லை. துணியில் சுற்றிய பனிக்கட்டியை இமையில் இரண்டு நிமிடம் வைத்து மீண்டும் அளந்தார்கள். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும்; உயரவில்லை. இரட்டைப் பார்வை, மெல்லும்போது தாடை தளர்வது, பேச்சு குழறுவது எதுவும் இல்லை. இரு கண்மணிகளும் ஒரே அளவு. இமைத்தசையின் இயக்கம் 13 மி.மீ., அதாவது தசை நன்றாக இருக்கிறது, நாண்தான் தளர்ந்திருக்கிறது. காலையும் மாலையும் ஒரே அளவா என்று பார்க்க, வீட்டில் ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மகன் கைப்பேசியில் படம் எடுத்து வந்தார். வேறுபாடு மிகச் சிறிது.

கண்ணடி. கருவளையம் என்று ஒரே சொல்லில் சொல்வது பெரும்பாலும் மூன்று வேறு பொருள்களின் கலவை. கீழிமைத் தோலை விரலால் மெல்ல இழுத்தால், நிறமி அப்படியே நிற்கும். ரத்தநாளச் சாயல் ஊதாவாக அடர்ந்து தெரியும். பள்ளத்தின் நிழல் மங்கும். முகத்துக்கு நேரே டார்ச் பிடித்தாலும் நிழல் மட்டும் மறையும். இவருக்கு மூன்றுமே இருந்தன. நிறமி பிறவி வாகு, தாயாருக்கும் உண்டு. மூக்கோரத்திலிருந்து கன்னத்தை நோக்கிச் சாய்வாக இறங்கும் பள்ளம் நடுத்தர ஆழம். கொழுப்புப் பை பிதுக்கம் சொற்பம். காலையில் கன்ன மேட்டில் நீர் கோத்த வீக்கம் உண்டா என்று தனியே கேட்டார்கள், காலைப் படங்களிலும் தேடினார்கள், இல்லை. இருந்திருந்தால் அந்த இடத்தில் ஃபில்லர் போடவே கூடாது, ஏனெனில் அது தண்ணீரை இழுத்து வீக்கத்தை மாதக்கணக்கில் தக்கவைக்கும்.

கண். இமையின் உட்புறத்தில் ஒவ்வாமைக் கொப்புளங்கள். நெல் அறுவடை, தூற்றல் நாட்களில் தூசு பட்டு அரிப்பெடுக்க, முந்தானையால் கசக்கும் பழக்கம் இருபது ஆண்டாக இருந்தது. கண்மையை இரவில் தேய்த்துத் துடைப்பதும் சேர்ந்திருந்தது.

தோல். கன்னங்களில் மங்கு. அதற்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய 'வெள்ளைக் கிரீமை' இரண்டரை ஆண்டாக இரவுதோறும் பூசியிருக்கிறார். பழைய குழாயைக் கொண்டுவரச் சொன்னபோது தெரிந்தது: ஹைட்ரோகுயினோன் 2%, டிரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு 0.1% கலந்தது. மங்குக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித்தரும் மருந்து அது. 2018-இல் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவை என்று கட்டுப்படுத்தப்பட்டன; ஆனாலும் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. கன்னத்தோல் காகிதம் போல மெலிந்திருந்தது, நுண் ரத்தநாளங்கள் சிவப்பு இழைகளாகத் தெரிந்தன, மேலுதட்டிலும் கன்னத்திலும் பூனைமயிர் கூடியிருந்தது. கண்ணருகே நெடுநாள் ஸ்டீராய்டு பட்டால் கண் அழுத்தம் கூடலாம், கண்புரை வரலாம். ஆகவே கண் மருத்துவரிடம் அழுத்தமும் லென்ஸும் பார்க்கப்பட்டன, இரண்டும் இயல்பு.

உடல். கண்ணை மட்டும் பார்த்துவிட்டு நின்றிருந்தால் இது விட்டுப்போயிருக்கும். நாக்கும் உள்ளங்கையும் வெளுத்திருந்தன. மாதவிடாய் ஏழு எட்டு நாள், கட்டி கட்டியாக. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதைக் "கல்யாண அலைச்சல்" என்று தள்ளியிருந்தார். ஹீமோகுளோபின் 8.4 கிராம். பெண்களுக்கு 12-க்குக் கீழே ரத்த சோகை. 8-க்குக் கீழே கடுமையானது. ஃபெரிட்டின் 6, கையிருப்பு இரும்பு ஏறத்தாழ காலி. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரில் புரதம் எல்லாம் இயல்பு. தோல் வெளுத்தால் அதன் பின்னணியில் கண்ணடிக் கருமை இன்னும் துலங்கித் தெரியும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. களைத்த முகம் என்று வரும் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை எழுதாமல் ஊசி எடுப்பது சரியல்ல என்பதற்கு அந்த ஒரு எண்ணே போதும்.

எடுத்த முடிவுகளும் மறுத்தவையும்

கல்யாணத்துக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் இருந்தது. அதை வைத்துத்தான் வரிசை போடப்பட்டது.

டாக்ஸினுக்கு மாற்று மருந்து கிடையாது. தசை தானாக மீள மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். கார்த்திகைத் தொடக்கம் வரை காத்திருப்பதே வழி. இமையைத் தூக்கும் தசைக்குள் மருந்து கசிந்திருந்தால் அப்ராகுளோனிடின் சொட்டு 1 மி.மீ. அளவுக்குத் தற்காலிகமாகத் தூக்கித் தரும். இங்கே தாழ்வு புருவத்தால் வந்தது, இமை நாணோ பல ஆண்டுத் தளர்ச்சி, எனவே அது எழுதப்படவில்லை. நெற்றியில் மறு ஊசி வேண்டாம் என்பதில் மருத்துவர் உறுதியாக இருந்தார். புருவ நடுவில் மட்டும் போட்டால் பார்வை கொஞ்சம் திறக்குமே என்ற யோசனையும் வந்தது. முதல் ஊசியின் அளவே தெரியாத நிலையில் அதன் மேல் இன்னொன்று வேண்டாம் என்று விடப்பட்டது.

குளூட்டாதயோன் மறுக்கப்பட்டது. நரம்பில் ஏற்றி நிறம் மாறும் என்பதற்கான சான்று மிகக் குறைவு. கடுமையான தோல் எதிர்வினையும் சிறுநீரகப் பாதிப்பும் பதிவாகியுள்ளன. ரத்த சோகை உள்ளவருக்கு நிறம் மங்கியதன் காரணம் கண்ணெதிரே இருக்கும்போது வேறு எதையும் ஏற்ற வேண்டியதில்லை. அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் கெமிக்கல் பீல், லேசர் இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன. ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் பீல் எதிர்பாராத ஆழத்துக்கு இறங்கும். நம் பக்கத்து மாநிறத் தோலில் அந்தப் புண் ஆறும்போது விடும் கருமை, போக்க வந்த கருமையைவிட மோசம்.

கண்ணடிப் பள்ளத்துக்கு ஃபில்லர் போடலாம், ஆனால் ஹீமோகுளோபின் ஏறி, தோல் தேறி, டாக்ஸினும் இறங்கிய பிறகு, கல்யாணத்துக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத இடைவெளியோடு என்று முடிவாயிற்று. மேலிமைக்கு உண்மையான தீர்வு நாணை இழுத்துத் தைக்கும் அறுவைதான். அதைக் கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்பது அவர் கையில் விடப்பட்டது. கன்றலும் வீக்கமும் இரண்டு மூன்று வாரம் தெரியும், ரத்த சோகை தேறாமல் அறுவைக்குப் போக முடியாது, கார்த்திகையில் அடைமழையும் சேரும். "கல்யாணத்த முடிச்சுட்டு வர்றேன்" என்றார்.

ஆவணி முதல் கார்த்திகை வரை

கிரீமை ஒரேயடியாக நிறுத்தினால் முகம் நெருப்பாகக் காந்தும், அரிக்கும், பருக்கள் கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதே குழாயை எடுப்பதுதான் வழக்கமான கதை. ஆகவே இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், அடுத்த இரண்டு வாரம் வாரத்துக்கு இருமுறை, பிறகு நிறுத்தம். இடையில் இரவில் அழற்சியைத் தணிக்கும், ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் 0.03% களிம்பு, மணமில்லாத ஈரப்பதக் கிரீம். பகலில் இரும்பு ஆக்சைடு கலந்த, சாயமுள்ள சன்ஸ்கிரீன். மங்குக்குப் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியும் காரணம், வெறும் வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அளவு: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் இரண்டு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும். வயலில் வியர்த்துக் கொட்டும் இடத்தில் இது எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கேள்விதான். எனவே அகல விளிம்புத் தொப்பி, அதன் கீழே துண்டு. எலுமிச்சை, கஸ்தூரி மஞ்சள் பூச்சு எல்லாம் நிறுத்தப்பட்டன. ஐந்தாவது வாரம் முகம் சிவந்து எரிந்தது. முன்பே சொல்லி வைத்திருந்ததால் கிரீமைத் தொடவில்லை; குளிர்ந்த ஒத்தடத்தோடு மூன்று வாரத்தில் தணிந்தது.

கண் அரிப்புக்கு ஓலோபடடின் 0.1% சொட்டு, நாளுக்கு இருமுறை. கண்மை நிறுத்தம். அரித்தால் கசக்குவதற்குப் பதில் குளிர்ந்த ஈரத்துணி.

இரும்புச் சத்து எதிர்பார்த்தபடி ஏறவில்லை. தனிம இரும்பு 65 மி.கி. உள்ள ஃபெரஸ் சல்பேட் தினம் ஒன்று என்று கொடுத்தும் நான்கு வாரத்தில் 8.4 என்பது 8.9 ஆனது, அவ்வளவே. ஒன்றரை கிராமாவது ஏறியிருக்க வேண்டும். மாத்திரையை எப்போது விழுங்குகிறார் என்று கேட்டபோது விடை கிடைத்தது: காலை ஐந்து மணிக்கு, டிகிரி காபியோடு. காபியும் தேநீரும் இரும்பை உறிஞ்சவிடாமல் கட்டிவிடும். பாலும் தன் பங்குக்குத் தடுக்கும். "காபிய விடச் சொல்லாதீங்க" என்றார். விட வேண்டியதில்லை. எழுந்ததும் மாத்திரையும் அரை எலுமிச்சை பிழிந்த தண்ணீரும், ஒரு மணி நேரம் கழித்துக் காபி என்று மாற்றியதோடு சரி. மலச்சிக்கல் வந்ததும் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆக்கப்பட்டது. மகப்பேறு மருத்துவர் ஸ்கேனில் கருப்பையில் 3 செ.மீ. நார்க்கட்டி ஒன்றைக் கண்டார். விலக்கு நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் வீதம் மூன்று வேளை, அதிகபட்சம் ஐந்து நாள். கார்த்திகைப் பிறப்பில் ஹீமோகுளோபின் 10.8. மாடிப்படியில் மூச்சிரைப்பு நின்றிருந்தது, உதடு சிவந்திருந்தது. யாரும் எந்த ஊசியும் போடாமலே, "முகம் தெளிஞ்சிருக்கு" என்று தெருவில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

இதற்குள் டாக்ஸின் இறங்கிவிட்டது. புருவம் 18 மி.மீ.க்கு ஏறியது, நெற்றிக் கோடுகள் திரும்பின. இமை அளவு 3, 2.5 என்று காட்டியது. புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து அளந்தால் மறுபடி 2.5, 2. அழுத்தாமல் அளந்த எண்ணை நம்பியிருந்தால் தாழ்வு குறைந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும்.

ஃபில்லர்: செய்த விதமும் நேர்ந்த பிழையும்

ஒப்புதல் வாங்கும்போது ஆபத்து தெளிவாகச் சொல்லப்பட்டது. ஊசி தவறி ரத்தநாளத்துக்குள் போனால், ஜெல் பின்னோக்கி ஓடி விழித்திரைத் தமனியை அடைத்துப் பார்வையே போகலாம். அரிது, ஆனால் நேர்ந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் மீட்பது கடினம். அவர் ஒரு வாரம் யோசித்து, கணவரோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார்.

இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது, வயலில் வேலை செய்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது: குளவியோ தேனீயோ கொட்டி உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியது உண்டா? ஜெல்லைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் நொதி அவற்றின் விஷத்திலும் இருப்பதால், அந்த ஒவ்வாமை உள்ளவருக்கு மாற்று மருந்தே ஆபத்தாகலாம். இவருக்கு இல்லை.

தேர்ந்தது நீரை அதிகம் இழுக்காத, மென்மையான ஹயலுரோனிக் அமில ஜெல். 1500 யூனிட் ஹயலுரோனிடேஸ் குப்பிகள் குளிர்பெட்டியில் தயாராக இருந்தன. பின்சாய்ந்து உட்காரவைத்து, விழிக்குழி எலும்பின் விளிம்பு பென்சிலால் குறிக்கப்பட்டது. கண்மணிக்கு நேர் கீழே, விளிம்பிலிருந்து 8 முதல் 10 மி.மீ. தாழ, நரம்பும் தமனியும் வெளிவரும் துளை இருக்கிறது. அந்த இடமும் குறிக்கப்பட்டது. கன்னத்தில், கண்ணின் வெளியோரத்துக்குக் கீழே துளையிட்டு 25 கேஜ் கேனுலா, அதாவது மழுங்கு முனையுள்ள மெல்லிய குழாய். கண்ணைச் சுற்றிய தசைக்கு அடியில், எலும்பை ஒட்டி, ஒரு தடவைக்கு 0.05 மி.லி.க்கு மேல் போகாமல், மெதுவாக. கேனுலா என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் தோல் வெளுக்கிறதா, வலி கூடுகிறதா என்று பார்த்தபடியே செலுத்த வேண்டும். வலப்பக்கம் 0.25 மி.லி., இடப்பக்கம் 0.30. முடிந்ததும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி நாளிதழ் படிக்கச் சொல்லி, அரை மணி நேரம் இருத்தி அனுப்பினார்கள்.

சிரிஞ்சில் 0.45 மி.லி. மிஞ்சியது. காசு கொடுத்தாயிற்றே என்று அதையும் ஏற்றிவிடும்படி உடன் வந்தவர் கேட்டார். கண்ணடியில் குறைவாகப் போட்டதைப் பின்னால் கூட்டலாம். கூடிப்போனதை வெளியே எடுக்க மருந்து வேண்டும். மிச்சம் குப்பைக்குப் போனது.

அப்படியிருந்தும் பிழை நேர்ந்தது. பன்னிரண்டாம் நாள், இடக்கண்ணின் மூக்கோரத்தில் காலையில் நீலம் பாய்ந்த ஒரு தடிப்பு, அரிசி மணியளவு. தோலுக்கு மிக அருகில் ஜெல் கிடந்தால் ஒளி சிதறி நீலமாகத் தெரியும். பதிவைத் திரும்பப் பார்த்ததில் காரணம் விளங்கியது. கேனுலா மூக்கோரம் வரை எட்டாததால் கடைசி 0.05 மி.லி.யைக் கூர் ஊசியால் போட்டிருந்தார்கள். அங்கே தோல் மிக மெலிது, ஸ்டீராய்டால் இன்னும் மெலிந்தது. நீவினால் போய்விடும் என்று இரண்டு நாள் காத்துப் பயனில்லை. 1500 யூனிட் ஹயலுரோனிடேஸ் 10 மி.லி. உப்புநீரில் கலக்கப்பட்டது, அதில் 0.1 மி.லி., அதாவது 15 யூனிட், தடிப்புக்குள் மட்டும். முதலில் முன்கையில் ஒவ்வாமைச் சோதனை. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நீலம் மறைந்தது. கரைத்ததில் இடப்பக்கப் பள்ளம் பாதி திரும்பிவிட்டது. மறுபடி நிரப்பித் தரச் சொன்னார்; கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தும் மருத்துவர் சம்மதிக்கவில்லை. அதே மெலிந்த தோல், அதே இடம். இரண்டாம் முறையும் தவறினால் சரிசெய்ய நாள் போதாது.

தையும், அதன் பிறகும்

தை மூன்றாம் வாரம் கல்யாணம். ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 28. படக்காரரிடம் ஒரு சிறு வேண்டுகோள் வைக்கச் சொல்லியிருந்தார்கள்: மேலே தொங்கும் விளக்கு மட்டும் போதாது, முகத்துக்கு எதிரிலும் வெளிச்சம் வேண்டும். இடக்கண்ணின் எஞ்சிய நிழல் படங்களில் தெரியவில்லை. முழுமையான முகம் என்று சொல்ல முடியாது. இமைகள் அப்படியேதான் இருந்தன. ஆனால் கேள்வி கேட்டவர்கள் குறைந்திருந்தார்கள்.

அறுவை பங்குனியில். சம்பா அறுவடைத் தூசு அடங்கட்டும், தையல் உள்ள கண்ணைக் கசக்க நேரக் கூடாது என்பது காரணம். முன்னதாகக் கண்ணீர்ச் சுரப்பு பார்க்கப்பட்டது. கீழிமையில் செருகிய சோதனைத் தாள் ஐந்து நிமிடத்தில் நனைந்த அளவு 12 மி.மீ., போதுமானது. வறண்ட கண்ணுக்கு இமையைத் தூக்கினால் இரவில் கண் மூடாமல் உறுத்தும். அந்த இடம் மரத்துப்போக ஊசி மட்டும் கொடுத்து, மடிந்த தோலைக் குறைத்து, நழுவிய நாணை இமைத்தகட்டில் திரும்பத் தைத்தார்கள். தையலை இறுக்கும்போதே நோயாளியை உட்காரவைத்து, கண் திறக்கச் சொல்லி இரு பக்கமும் சரிபார்த்தார்கள். ஏழாம் நாள் தையல் பிரித்தாயிற்று. கன்றல் பதினாறு நாள் இருந்தது.

ஆறு வாரத்தில் இரு இமையும் 4 மி.மீ. புருவம் யாரும் தொடாமலே 18-இலிருந்து 15 மி.மீ.க்கு இறங்கித் தன் இடத்தில் அமர்ந்தது. தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை போனதும் நெற்றித் தசை தானே ஓய்ந்தது. ஆடியில் ஊசி போட்டு மறைத்த அந்தக் குறுக்குக் கோடுகள், சித்திரையில் ஊசி இல்லாமலே பெரும்பகுதி தணிந்திருந்தன. பேருந்துப் பலகையைத் தலை சாய்க்காமல் படிக்கிறார். மங்கு பாதி குறைந்திருக்கிறது. கண்ணடி நிறமி அப்படியே இருக்கிறது. அது போகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இரும்பு மாத்திரை இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும், நார்க்கட்டிக்கு ஆறு மாதத்தில் மறு ஸ்கேன்.

மாற்ற வேண்டியவை

முதலாவது, ஃபில்லரின் நேரம். ரத்த சோகை தேறி முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகும், திட்டத்தில் எழுதியாயிற்று என்பதற்காகவே அது செய்யப்பட்டது என்று சொல்லலாம். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பின் கண்ணாடியில் மறுபடி பார்த்து, தேவையா என்று கேட்டிருக்க வேண்டும். ஸ்டீராய்டு நிறுத்தி ஆறு மாதமாவது ஆகாத தோலில், மூக்கோரத்துக்குக் கூர் ஊசி கொண்டு போகவே கூடாது. கேனுலா எட்டும் தூரத்தோடு நிறுத்தி, அந்தச் சிறு பள்ளத்தை விட்டுவிடுவதே சரி.

இரண்டாவது, இரும்பு மாத்திரையோடு காபி பற்றிய கேள்வி முதல் நாளே கேட்கப்பட்டிருக்க வேண்டும். நான்கு வாரம் வீணானது. "தினம் ஒன்று, காலையில்" என்று சீட்டில் எழுதினால் டெல்டாவில் அது காபியோடுதான் இறங்கும். இப்போது அந்த மருத்துவமனையில் "வெறும் வயிற்றில், காபிக்கு ஒரு மணி நேரம் முன்" என்று தமிழில் முத்திரை குத்தித் தருகிறார்கள்.

மூன்றாவது, நெற்றி ஊசி கேட்டு வரும் எவருக்கும் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் கண் திறக்கச் சொல்லும் சோதனை. ஒரு நிமிடம்கூட ஆகாது. அழுத்தியதும் இமை கண்மணியை மறைத்தாலோ, நோயாளி தலையைப் பின்னால் சாய்த்தாலோ, அந்த நெற்றிக்கு டாக்ஸின் கூடாது. முதலில் கண் மருத்துவர். ஊசி போட்டவர்கள் மருந்தின் பெயர், தொகுதி எண், யூனிட், புள்ளிகள் குறித்த முகப்படம் ஆகியவற்றை நோயாளி கையில் கொடுத்தனுப்ப வேண்டும். இவர் வந்த அன்று அந்தத் தாள் இருந்திருந்தால், கசிந்ததா தளர்ந்ததா என்று பிரித்தறியச் செலவான இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.